எந்தப் ‘பீட்டர் பான்’? ஒரு மேடை இசைநாடகமும் அதன் மூன்று ஒளிபரப்புகளும்

சென்ற பருவத்தில் எங்கள் துறைக் கருத்தரங்கில் ஒரு கட்டுரை வாசித்தேன். 1954ஆம் ஆண்டு நியூயார்க்கின் பிராட்வே மேடையில் அரங்கேறிய ‘பீட்டர் பான்’ இசைநாடகத்துக்கு ஜெரோம் ராபின்ஸ் அமைத்த நடனங்களைப் பற்றியது அது. சான்றுக்காகச் சில காட்சிகளைத் திரையிட்டு, ராபின்ஸ் மேடையின் இடத்தை எவ்வாறு கையாண்டார் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். முதுகலை மாணவி ஒருவர் எழுந்து, “ஐயா, இது எந்த ஆண்டின் பதிவு?” என்று கேட்டார். 1960 என்றேன். “அப்படியானால் இதிலிருந்து 1954இன் மேடையைப் பற்றி எப்படிப் பேசுகிறீர்கள்?” என்றார். ஏதோ சொல்லிச் சமாளித்தேன். சமாளித்தது அவருக்கும் தெரிந்திருக்கும்.

அந்த வினாவுக்குரிய விடையைத் தேடியதில் தெரியவந்தவற்றை இங்கே எழுதிவைக்கிறேன். நிகழ்த்துகலை வரலாற்றில் பணியாற்றுவோரில் இப்பிழையைச் செய்தவன் நான் ஒருவன் மட்டுமே என்று தோன்றவில்லை. தொலைக்காட்சிப் பதிவு ஒன்று கையில் கிடைத்துவிட்டால் அதையே நாடகம் என்று கொண்டுவிடுகிறோம். மேடையில் நிகழ்ந்தது, நேரலையாக ஒளிபரப்பானது, நாடாவில் பதிவானது ஆகிய மூன்றும் ஒரே பெயரில் வழங்குவதால் மூன்றையும் ஒன்றாகவே எண்ணிவிடுகிறோம். ‘பீட்டர் பான்’ இக்குழப்பத்துக்கு மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டு. ஏனெனில் அதைச் செவ்வியல் படைப்பாக்கியது மேடையன்று, தொலைக்காட்சிதான் என்பதே என் கருத்து.

முதலில் மேடை வரலாறு, சுருக்கமாக. ஜே. எம். பாரியின் ‘பீட்டர் பான்’ 1904 டிசம்பர் 27 அன்று லண்டனின் டியூக் ஆஃப் யார்க்ஸ் அரங்கில் உரைநடை நாடகமாக அரங்கேறியது. வளர மறுக்கும் சிறுவனாக நினா பூசிகோ என்ற நடிகை நடித்தார். அன்று முதல் அவ்வேடத்தைப் பெண்களே ஏற்பது வழக்கமாயிற்று. நாடகக் கம்பெனிகளில் ஆண்கள் ஸ்திரீபார்ட் ஏற்ற வரலாற்றை அறிந்த நம்மவர்க்கு இது வியப்பாக இராது. 1950இல் லியோனார்ட் பெர்ன்ஸ்டைனின் சில பாடல்களுடன் ஜீன் ஆர்தர் நடித்த வடிவம் ஒன்று பிராட்வேயில் நடந்தது. நாம் பேசவிருப்பது அதற்குப் பின் வந்த முழு இசைநாடகம். கலிஃபோர்னியாவில் சிவிக் லைட் ஓபரா என்னும் அமைப்பை நடத்திய எட்வின் லெஸ்டர் அதற்கு ஏற்பாடு செய்தார். மேரி மார்ட்டின் பீட்டராகவும், சிரில் ரிச்சர்ட் கடற்கொள்ளைத் தலைவன் ஹூக்காகவும் நடித்தனர். இயக்கமும் நடன அமைப்பும் ராபின்ஸ். பறக்கும் காட்சிகளுக்கான கம்பி ஏற்பாடுகள் பீட்டர் ஃபாய் செய்தவை.

1954 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கியபோது மார்க் சார்லாப்பின் இசையும் கரோலின் லீயின் பாடல் வரிகளும் மட்டுமே இருந்தன. அவை போதா என்று கருதப்பட்டதால், மேற்குக் கரையில் நாடகம் நடந்துகொண்டிருந்தபோதே ஜூல் ஸ்டைனின் இசையிலும், பெட்டி காம்டன், அடால்ஃப் கிரீன் ஆகியோரின் வரிகளிலும் புதிய பாடல்கள் சேர்க்கப்பட்டன. ‘நெவர் நெவர் லேண்ட்’ அவ்வாறு பின்னர் வந்து சேர்ந்த பாடல். சில பாடல்கள் நீங்கின. ஆக, மூலம் என்று நாம் சொல்லும் பனுவலே ஊருக்கு ஊர் மாறிக்கொண்டிருந்த ஒன்று. 1954 அக்டோபர் 20 அன்று நியூயார்க்கின் விண்டர் கார்டன் அரங்கை அது அடைந்தது. 1955 பிப்ரவரி 26 அன்று, 152 காட்சிகளோடு முடிந்தது.

பிராட்வே அளவுகோலில் 152 என்பது பெரிய எண் அன்று. மார்ட்டினின் முந்தைய வெற்றியான ‘சவுத் பசிஃபிக்’ 1,900 காட்சிகளைத் தாண்டியது. இருந்தும் ‘பீட்டர் பானை’ தோல்வி என்று சொல்லுதல் தவறு. மார்ட்டினும் ரிச்சர்டும் அவ்வாண்டு டோனி விருது பெற்றனர். தொலைக்காட்சி ஒளிபரப்புக்கு முன்கூட்டியே ஏற்பாடாகியிருந்ததால், மேடையோட்டம் தொடக்கத்திலேயே வரையறைக்குட்பட்டதாக அமைந்தது. மேடை முடிந்த ஒன்பதாம் நாள், 1955 மார்ச் 7 அன்று, என்.பி.சி. நிறுவனத்தின் ‘புரொட்யூசர்ஸ் ஷோகேஸ்’ நிகழ்ச்சியில் அதே குழுவினர் ‘பீட்டர் பானை’ நேரலையாக, வண்ணத்தில் நடித்தனர். முழு நீளப் பிராட்வே நாடகம் ஒன்று வண்ணத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது அதுவே முதல் முறை.

அந்த ஒன்பது நாள் என்னும் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன், பின்னர் தேவைப்படும்.

வண்ணம் ஏன் என்ற கேள்வி வணிகத்துக்கு இட்டுச் செல்கிறது. என்.பி.சி. அன்று ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் உடைமை. ஆர்.சி.ஏ. தொலைக்காட்சிப் பெட்டிகளைச் செய்து விற்ற நிறுவனம். இந்நிகழ்ச்சியின் விளம்பரதாரர்களில் ஒன்றும் அதுவே. மேடைக் குழுவின் பாடல்களை இசைத்தட்டாக வெளியிட்டதும் அதே குடும்பத்தைச் சேர்ந்த நிறுவனம்தான். அமெரிக்காவில் வண்ண ஒளிபரப்புக்கான தரநிலை 1953 டிசம்பரில்தான் ஏற்கப்பட்டது. 1954இல் ஆர்.சி.ஏ. சந்தைக்குக் கொண்டுவந்த முதல் வண்ணப் பெட்டியின் படக்குழாய் 15 அங்குலம். விலை 1,000 டாலர். அவ்வளவு விலை கொடுத்து ஒருவர் பெட்டி வாங்க வேண்டுமாயின், வண்ணத்தில் காணத்தக்க ஏதேனும் இருக்க வேண்டும். அன்று என்.பி.சி.யின் தலைவராயிருந்த சில்வெஸ்டர் வீவர் வழக்கமான தொடர்களுக்கு நடுவே ‘ஸ்பெக்டாகுலர்’ என்னும் பெருநிகழ்ச்சிகளைப் புகுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம். நம் நாட்டில் 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிகளும் வண்ணப் பெட்டிகளும் சேர்ந்தே வந்ததை நினைத்துக்கொள்ளலாம். நிகழ்ச்சி பெட்டியை விற்கும். பெட்டி நிகழ்ச்சியை வேண்டும்.

அன்றிரவு 6.5 கோடிப் பேர் பார்த்ததாக மதிப்பிடப்பட்டது. அதுவரை ஒரு தனி நிகழ்ச்சிக்குக் கிட்டிய மிக உயர்ந்த எண்ணிக்கை என்றும் சொல்லப்பட்டது. அக்கால மதிப்பீட்டு முறைகளையும், அவ்வெண்ணால் பயன்பெற்றவர்கள் யார் என்பதையும் கருதும்போது இதைச் சற்று ஐயத்தோடு ஏற்பதே நல்லது. ஆயினும் பாதியாகக் குறைத்தாலும் முடிவு மாறாது. விண்டர் கார்டனில் ஏறத்தாழ 1,500 இருக்கைகள். 152 காட்சிகளும் அரங்கு நிறைந்தன என்றே கொள்வோம். இரண்டேகால் லட்சத்துக்குச் சற்று மேற்பட்டோர் பார்த்திருக்கலாம். ஓர் இரவின் ஒளிபரப்பு அதைப்போல் முன்னூறு மடங்கை நெருங்குகிறது. ‘பீட்டர் பான்’ என்ற பெயர் கேட்டதும் அமெரிக்கர் நினைவில் எழுந்த காட்சி எங்கிருந்து வந்தது என்பதற்கு வேறு கணக்கு வேண்டியதில்லை.

இனி, மேடையிலிருந்து ஒளிபரப்புக் கூடத்துக்குப் போனபோது என்ன நிகழ்ந்தது என்பதைப் பார்ப்போம். மேடையில் பார்வையாளரின் கண் தானே தேர்ந்துகொள்கிறது. ஹூக் பேசும்போது ஒருவர் ஹூக்கைப் பார்க்கலாம். மற்றொருவர் பின்னால் நிற்கும் அடியாளின் முகத்தைப் பார்க்கலாம். ராபின்ஸ் போன்ற நடன அமைப்பாளர் முழு மேடையையும் ஒரே சட்டமாக எண்ணிக் கூட்டத்தை நகர்த்துபவர். கூடத்தில் அந்தத் தேர்வு கேமராவுக்குப் போகிறது. 1955இல் கேமராக்களை இயக்கியவர் கிளார்க் ஜோன்ஸ். வீட்டிலிருந்த சிறிய திரையில் முழு மேடையையும் காட்டினால் நடிகர்கள் எறும்புகளாகிவிடுவர். அணுக்கக் காட்சி வைத்தால் நடனம் வெட்டுப்படும். இரண்டுக்கும் நடுவே நொடிக்கு நொடி முடிவெடுக்க வேண்டும். நேரலை என்பதால் எடுத்த முடிவைத் திரும்பப் பெறவும் முடியாது. ஆகவே நான் கருத்தரங்கில் ராபின்ஸின் ‘இடக் கையாளுகை’ என்று சுட்டிக்காட்டியவற்றில் ஒரு பகுதி, கேமராவுக்குப் பின்னால் இருந்தவரின் முடிவு. அதை ராபின்ஸின் கணக்கில் எழுதினேன்.

அணுக்கக் காட்சியில் மற்றொரு சிக்கலும் உண்டு. 1955 மார்ச்சில் மார்ட்டினுக்கு வயது 41. அரங்கின் தொலைவு ஒரு நடிகையைச் சிறுவனாக்க உதவுகிறது. முகத்தருகே வரும் கேமரா அவ்வுதவியைச் செய்வதில்லை. அவர் வயதையோ பெண் என்பதையோ மறைக்க இந்த ஒளிபரப்புகள் பெரிதாக முயலவில்லை. அவர் சிறுவன் என்பது மேடையின் வழக்காறு. அவ்வழக்காற்றையும் சேர்த்தே தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தனர். நாடகத்தைத் திரைப்படமாக்கும்போது முதலில் உதிர்வது இத்தகைய வழக்காறுதான். இங்கே அது உதிராமல் நின்றது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. ரிச்சர்டின் நடிப்பும் அவ்வாறே. கடைசி வரிசைக்கும் எட்டவேண்டும் என்று உருவான கொண்டாட்டமான மிகைநடிப்பை அவர் குறைத்துக்கொள்ளவில்லை. தொலைக்காட்சிக்கென்று தனி நடிப்பு இலக்கணம் முற்றாக உருவாகியிராத காலத்தின் அடையாளம் அது.

அடுத்தது பதிவு. என் பிழையின் வேர் இங்கேதான் இருக்கிறது. 1955இல் ஒளிநாடா கிடையாது. நேரலையைச் சேமிக்க இருந்த வழி கினெஸ்கோப். தொலைக்காட்சித் திரைக்கு எதிரே ஒரு திரைப்படக் கேமராவை நிறுத்தி, திரையில் ஓடும் படத்தைப் படச்சுருளில் பிடிப்பார்கள். கோடுகள் தெரியும், விளிம்புகள் மங்கும், ஒளி வேறுபாடு தட்டையாகும். எஞ்சியிருக்கும் ‘பீட்டர் பான்’ கினெஸ்கோப்புகள் கறுப்பு வெள்ளையில் இருப்பவை. பிற்பகல் வேறுபாடுள்ள மேற்குக் கரை நிலையங்களுக்காகவும், ஆவணமாகவும் இத்தகைய பிரதிகள் எடுக்கப்பட்டன. நாடெங்கும் மீண்டும் ஒளிபரப்பிப் பெருமை கொள்ளத்தக்க தரம் அவற்றுக்கு இல்லை. எனவே மக்கள் மறுபடியும் கேட்டபோது மறுஒளிபரப்பு என்ற வாய்ப்பே இல்லை. 1956 ஜனவரி 9 அன்று அதே குழுவினரைத் திரட்டி முழு நாடகத்தையும் இரண்டாம் முறை நேரலையாக நடித்தனர். இன்று ஒரு பொத்தானை அழுத்திச் செய்யும் காரியத்துக்கு அன்று ஒரு நாடகக் குழுவையே மீண்டும் கூட்ட வேண்டியிருந்தது.

அதே 1956 ஏப்ரலில் ஆம்பெக்ஸ் நிறுவனம் தன் ஒளிநாடாப் பொறியை வெளியிட்டது. சில ஆண்டுகளில் நிலைமை மாறிவிட்டது. 1960இல் மார்ட்டின் பிராட்வேயில் ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ நடித்துக்கொண்டிருந்தார். அந்நாடகத்தின் இயக்குநரான வின்சென்ட் டோனஹியூவின் இயக்கத்தில், ‘பீட்டர் பான்’ மூன்றாம் முறையாகத் தொலைக்காட்சிக்கென நடிக்கப்பட்டது. இம்முறை வண்ணத்தில், ஒளிநாடாவில். 1960 டிசம்பர் 8 அன்று ஒளிபரப்பானது. 1963, 1966, 1973 ஆகிய ஆண்டுகளில் மீண்டும் காட்டப்பட்டது. பின்னர் நீண்ட இடைவெளி. 1989 மார்ச்சில் சீர்செய்யப்பட்ட பிரதி என்.பி.சி.யில் வந்தது. அதன்பின் வீட்டு ஒளிநாடாவாகவும் வட்டாகவும் விற்பனையாகி, இன்று இணையத்தில் யாரும் எளிதில் காணும் ‘பீட்டர் பான்’ ஆகிவிட்டது. நான் திரையிட்டதும் இதைத்தான்.

1960 வடிவத்துக்கும் 1954 மேடைக்கும் இடையில் ஆறு ஆண்டுகள் கடந்திருந்தன. சிறுவர் வேடம் ஏற்றவர்கள் வளர்ந்துவிட்டதால் அவர்களுக்குப் பதில் வேறு சிறுவர்கள் வந்தனர். வெண்டியாக நடித்த கேத்லீன் நோலனுக்குப் பதில் மௌரீன் பெய்லி. பீட்டரும் ஹூக்கும் மாறவில்லை. மற்றவரெல்லாம் வளர்ந்து போக, பீட்டர் மட்டும் அப்படியே இருக்கும் கதைக்கு நடிகர் பட்டியலே இவ்வாறு உடன்பட்டதைப் பிற்காலத்தவர் எவரும் திட்டமிட்டுச் செய்திருக்க முடியாது. ஆனால் நம் ஆய்வுக்கு முக்கியமானது வேறு. 1960இன் இயக்குநர் வேறு, கேமராக்கள் வேறு, குழுவில் ஒரு பகுதி வேறு, அவசரமும் வேறு. நாடாவில் பதிவு செய்யும்போது நிறுத்தலாம், மறுபடி தொடங்கலாம். மேடையின் மூச்சு அதில் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

இதற்கு மாறாக 1955 கினெஸ்கோப்பை நோக்குவோம். படம் மங்கல், வண்ணமில்லை, பார்ப்பதற்குச் சலிப்பூட்டலாம். ஆயினும் அதில் நடிப்பவர்கள் ஒன்பது நாள் முன்புவரை விண்டர் கார்டனில் வாரந்தோறும் அதே நாடகத்தை நடித்தவர்கள். உடலில் அந்த மேடையின் நினைவு இன்னும் ஆறவில்லை. ராபின்ஸின் நடனத்துக்கு நெருங்கிய சாட்சி எது என்று கேட்டால், அழகிய 1960 நாடாவைத் தள்ளி வைத்துவிட்டு இந்த மங்கல் பிரதியைத்தான் கையில் எடுக்க வேண்டும். கண்ணுக்கு இனியதே மூலத்துக்கு நெருக்கமானது என்று நம்மை அறியாமலே கொள்கிறோம். ஏட்டுச்சுவடிப் பதிப்பில் இப்பிழையைச் செய்தால் மாணவரை மேற்பார்வையாளர் விடமாட்டார். நிகழ்த்துகலைப் பதிவுகளில் மட்டும் அக்கண்டிப்பு தளர்ந்துவிடுகிறது.

வண்ணமின்மை பற்றியும் ஒரு சொல். 1955இன் வண்ணம் ‘இழக்கப்பட்டது’ என்று எழுதுவது வழக்கம். நானும் அவ்வாறு எழுதியிருக்கிறேன். ஆனால் யாருக்கு இழப்பு? 1,000 டாலர் கொடுத்து வண்ணப் பெட்டி வாங்கியோர் அன்று மிகச் சிலர். பார்த்தோரில் மிகப் பெரும்பாலோர் அந்நிகழ்ச்சியைக் கறுப்பு வெள்ளைப் பெட்டியில்தான் கண்டனர். அந்த வகையில் கினெஸ்கோப்பின் கறுப்பு வெள்ளை, அன்றைய மக்கள் கண்ட காட்சிக்கு மிக அருகில் இருக்கிறது. வண்ணம் கூடத்தில் இருந்தது, விளம்பரத்தில் இருந்தது, பெருவாரியான வீடுகளில் இல்லை. ‘பார்வையாளர் அனுபவம்’ என்ற தொடரை ஆய்வேடுகளில் தாராளமாகப் பயன்படுத்தும் நாம், அந்தப் பார்வையாளரின் வீட்டில் எந்தப் பெட்டி இருந்தது என்று கேட்பதில்லை.

நாடகத்தின் மிகப் புகழ்பெற்ற தருணத்துக்கு வருகிறேன். டிங்கர் பெல் என்னும் தேவதை நஞ்சருந்தி மங்கிக்கொண்டிருக்கிறாள். தேவதைகள் உண்டென்று நம்புவோர் கைதட்டினால் அவள் பிழைப்பாள் என்று பீட்டர் அவையோரிடம் வேண்டுகிறான். 1904இல் பாரிக்கு இதில் உண்மையான அச்சம் இருந்தது. லண்டன் அவையோர் வாளாவிருந்துவிட்டால் என்ன செய்வது? ஆகவே வாத்தியக்காரர்கள் கருவிகளைக் கீழே வைத்துவிட்டுத் தாமே கைதட்டித் தொடங்கவேண்டும் என்று அவர் முன்னேற்பாடு செய்திருந்தார். அது தேவைப்படவில்லை, அரங்கம் ஆர்ப்பரித்தது. இங்கே கவனிக்க வேண்டியது அந்த ஐயம். கைதட்டல் வராமல் போகக்கூடும் என்ற வாய்ப்பு உண்மையில் இருந்தது. அதனால்தான் வந்தபோது அதற்குப் பொருள் இருந்தது.

தொலைக்காட்சியில் மார்ட்டின் கேமராவை நேராக நோக்கி, வீட்டிலிருக்கும் குழந்தைகளிடம் அதே வேண்டுகோளை வைத்தார். கூடத்தில் அவையோர் இல்லை. நாடெங்கும் வரவேற்பறைகளில் குழந்தைகள் கைதட்டினர். அவ்வொலி எதுவும் அவரை எட்டாது. எட்டினாலும் எட்டாவிட்டாலும் விளக்கு மீண்டும் ஒளிரும். இதை ஏமாற்று என்று கொள்வது எளிது. ஒரு காலம் நானும் அவ்வாறே கொண்டேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்லத் தயங்குகிறேன். அரங்கில் கைதட்டும் குழந்தைக்கு அடுத்த இருக்கையின் ஒலி துணை நிற்கிறது. வீட்டில் கைதட்டும் குழந்தைக்கு அத்துணையும் இல்லை. தன் கைகளும் உடன்பிறந்தோர் கைகளும் மட்டுமே. காணாத பிறரும் இதே நொடியில் தட்டுகின்றனர் என்று அது நம்ப வேண்டும். 1955, 1956இல் அந்நம்பிக்கை சரியே. நேரலை என்பதால் அவ்வேளையில் தட்டியோர் எல்லாரும் ஒரே நொடியில் இருந்தனர். 1960க்குப் பின் அதுவும் மாறியது. 1989இல் கைதட்டிய குழந்தைகள், தாங்கள் பிறப்பதற்கு முன்பே நாடாவில் பதிவான ஒரு வேண்டுகோளுக்கு விடையளித்தனர். வேண்டியவருக்கு அப்போது வயது 75.

சேமிப்பு நல்லதை மட்டும் சேமிப்பதில்லை. இந்நாடகத்தில் அமெரிக்கப் பூர்வகுடியினரை வேடிக்கைப் பொருளாக்கும் பகுதிகள் உண்டு. டைகர் லில்லி என்னும் பூர்வகுடிப் பெண்ணாக நடித்தவர் வெள்ளையரான சோண்ட்ரா லீ. அக்குழுவினர் பாடும் ‘அக்-எ-வக்’ பாடலின் பல சொற்கள் எம்மொழியிலும் இல்லாத வெற்றொலிகள். 152 காட்சிகளோடு நின்றிருந்தால் அக்கால மேடையின் எத்தனையோ இழிசித்திரிப்புகளுள் ஒன்றாக மறைந்திருக்கும். தொலைக்காட்சி அதை வீடுதோறும் கொண்டுசென்றது. ஒளிநாடா தலைமுறைதோறும் கொண்டுசென்றது. சிறு வயதில் அன்போடு பார்த்த நாடகத்தின் உள்ளே இருப்பதால், அது பிழை என்று சொல்வதே பலருக்குக் கடினமாயிற்று.

2014 டிசம்பர் 4 அன்று என்.பி.சி. ‘பீட்டர் பான் லைவ்!’ என்ற பெயரில் புதிய நேரலையை நடத்தியபோது இதை எதிர்கொள்ள வேண்டி வந்தது. அலிசன் வில்லியம்ஸ் பீட்டர். கிறிஸ்டோபர் வாக்கன் ஹூக். சிக்கசா இனத்தைச் சேர்ந்த இசையமைப்பாளர் ஜெராட் டேட் ஆலோசகராக அமர்த்தப்பட்டார். பழைய பாடலுக்குப் பதில் ‘ட்ரூ பிளட் பிரதர்ஸ்’ என்ற வடிவம் வந்தது. புதிய வரிகளை எழுதியவர், மூலப் பாடலாசிரியருள் ஒருவரான அடால்ஃப் கிரீனின் மகள் அமாண்டா கிரீன். சிதைத்துவிட்டார்கள் என்று அன்று குறைகூறியோர் பலர். அவர்கள் மூலம் என்று மனத்தில் வைத்திருந்தது பெரும்பாலும் 1960 நாடாவை. அதே நிகழ்ச்சியில், 1954இல் நியூயார்க் வருமுன் நீக்கப்பட்ட ‘வென் ஐ வென்ட் ஹோம்’ என்ற பாடல் மீண்டும் சேர்க்கப்பட்டது. ஒரு கையால் மூலத்திலிருந்து விலகி, மறு கையால் மூலத்துக்கும் முந்தைய மூலத்தை நோக்கிச் சென்றனர். அதைப் பற்றி எவரும் பெரிதாகப் பேசியதாகத் தெரியவில்லை.

அந்த நேரலையைப் பார்த்தோர் ஏறத்தாழ 92 லட்சம் என்றனர். அதற்கு முந்தைய ஆண்டு இதே நிறுவனத்தின் ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக் லைவ்!’ 1.86 கோடியை எட்டியிருந்தது. நிகழ்ச்சியின் தரம் ஒரு காரணமாகலாம். 1955இன் அமெரிக்கருக்கு மாலையில் திருப்ப மிகச் சில நிலையங்களே இருந்தன என்பதையும் மறத்தல் கூடாது.

நேரலை என்ற சொல்லும் இதற்குள் பொருள் மாறிவிட்டது. 1955இல் அது தொழில்நுட்பத்தின் கட்டாயம். வேறு வழி இல்லை. இப்போது அது விற்பனைச் சரக்கு. 2019 ஜனவரியில் ஃபாக்ஸ் நிறுவனம் ‘ரென்ட்: லைவ்’ நடத்தவிருந்தது. முந்தைய இரவின் இறுதி ஒத்திகையில் முதன்மை நடிகர்களுள் ஒருவரான பிரென்னின் ஹன்ட்டின் கால் முறிந்தது. மறுநாள் பெரும்பகுதியும் ஒத்திகையின் பதிவே ஒளிபரப்பாயிற்று. இறுதிப் பகுதி மட்டும் நேரலை. தலைப்பில் ‘லைவ்’ அப்படியே இருந்தது. 1956இல் இத்தகைய விபத்து நேர்ந்திருந்தால் காட்டுவதற்குத் தரமான பதிவு எதுவும் இருந்திராது.

மீண்டும் மேடைக்கு வந்தால், 1979இல் சாண்டி டங்கன் நடிப்பில் ‘பீட்டர் பான்’ பிராட்வேக்குத் திரும்பியது. 550க்கு மேற்பட்ட காட்சிகள் நடந்தன. மூலத்தைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். குழந்தைகளை அழைத்துக்கொண்டு அந்த அரங்குக்கு வந்த பெற்றோரில் பலர், தம் குழந்தைப் பருவத்தில் 1955இலோ 1960களிலோ தொலைக்காட்சியில் இதைக் கண்டவர்களாக இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். அவர்கள் மேடையில் தேடியது தொலைக்காட்சியில் பார்த்ததை. மேடை நாடகம் தொலைக்காட்சிக்குத் தழுவப்பட்டது என்று தொடங்கிய கதை இங்கே தலைகீழாகிறது.

ஆய்வேட்டில் அந்த இயலைத் திருத்தி எழுதிவருகிறேன். 1954 மேடையைப் பற்றிச் சொல்ல எனக்குக் கிடைப்பவை பிராட்வே குழுவின் இசைத்தட்டு, அச்சான பனுவல், நிழற்படங்கள், அக்கால மதிப்புரைகள், பின்னர் 1955இன் அந்த மங்கலான கினெஸ்கோப். 1960 நாடாவிலிருந்து எடுத்த ஒவ்வொரு சான்றுக்கும் அருகில் இப்போது ஆண்டைக் குறிப்பிட்டு, அதே இடம் 1955 பிரதியிலும் அவ்வாறே இருக்கிறதா என்று ஒப்பிட்டுவருகிறேன். முதல் இயலிலேயே பதினொரு இடங்களை நீக்க வேண்டியதாயிற்று. அம்மாணவிக்குத் திருத்திய பக்கங்களை அனுப்பியிருக்கிறேன். இன்னும் இரண்டு இடங்களைச் சுட்டிக்காட்டியிருக்கிறார்.